இரண்டு தடவை போன மூவாயிரம் குஞ்சுகள்

கண்ணு,

நீ பெங்களூரிலிருந்து போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. உன் அப்பா எனக்கு முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டு, "உம் பையன் அப்படியே உன்னையாட்டத்தான் அம்மிணி, வந்து படி" என்று சமையலறை வாசலில் நின்று சிரித்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு தடவை படித்தேன். லாரி சர்வீஸ் ஒன்றின் கிளைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் இணைப்பதற்காக நான்கு மாதம் கண்விழித்து நீயே ஒரு நிரலை எழுதி முடித்திருக்கிறாய். இப்போது உன் மேலதிகாரி அதை ஓரமாக வைத்துவிட்டு, வேறு யாரோ எழுதி வெளியே விற்கிற நிரல் லைப்ரரி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். அப்படிச் செய்தால் திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிடுவதாக எழுதியிருக்கிறாய். கடைசியில், "அம்மா, உனக்குத்தான் இது புரியும். நீ எழுதினது இத்தனை வருடம் ஒரு தப்பு இல்லாமல் ஓடியதே" என்று ஒரு வரி.

அந்த வரிதான் என்னை இந்தக் காகிதத்தை எடுக்க வைத்தது. அது உண்மையில்லை, சாமி. நான் எழுதியது ஒன்றரை வருடம்தான் முழுசாக ஓடியது. தப்பும் இருந்தது. அந்தத் தப்பை நான் மறைக்கவும் பார்த்தேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீயாக ஒரு பெருமைக் கதையைக் கட்டிக்கொண்டாய், அது கேட்க நன்றாக இருந்ததால் நான் அப்படியே விட்டுவிட்டேன். நீ திங்கட்கிழமை எதையாவது செய்வதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கிற நிறுவனம் கோழிக்குஞ்சு பொரித்துப் பண்ணைகளுக்கு அனுப்புகிறது என்பது உனக்குத் தெரியும். குஞ்சு பொரிப்பது உடுமலைப்பேட்டையில். பண்ணைக்காரர்கள் தங்களுக்கு எத்தனை குஞ்சு வேண்டும் என்று பல்லடம், காங்கேயம் கிளைகளில் சொல்லிவிட்டுப் போவார்கள். கிளைக்காரர்கள் சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். நான் அப்போது பதிவேடு எழுதும் குமாஸ்தா. ஒரு காதில் ரிசீவரும் கையில் பேனாவுமாக, "முந்நூறுங்களா, மூவாயிரமுங்களா?" என்று நானும் திருப்பிக் கத்துவேன். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, கணக்கில் பட்டம் வாங்கியவள் என்று என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். காந்திபுரத்தில் மாலை வகுப்புக்குப் போய், என் வயதில் பாதி இருந்த பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். நீ அப்போது எட்டாம் வகுப்பு. ராத்திரிச் சமையலை நீயும் அப்பாவும் பார்த்துக்கொண்டீர்கள். ஒரு வாரம் முழுக்கத் தக்காளிச் சாதமே செய்துபோட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு வருடத்தில் அந்தக் கத்தலை நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு கிளையிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளையின் மோடம் எங்கள் அலுவலகத்துக்குப் போன் போடும். ஆர்டர்களை ஒவ்வொரு வரியாக அனுப்பும். இங்கே ஒரு வரி வந்து சேர்ந்ததும் "வந்தது" என்று பதில் போகும். பதில் வராவிட்டால் கிளை அதே வரியைத் திரும்ப அனுப்பும். அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" முழுக்க என் கையால் எழுதியது. முதல் நாள் காங்கேயத்திலிருந்து ஒரு வரி கோணாமல் வந்து திரையில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. நீ மோடம் போடும் கீச்சுச் சத்தத்தை அப்படியே வாயால் செய்துகாட்டி, வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் ஓட வைத்தாய்.

அந்தச் சமயத்தில்தான் சிவசாமி சார் எங்கள் பிரிவுக்கு மேலாளராக வந்தார். நல்ல மனுஷர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். வந்த இரண்டாம் மாதம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே மூன்று பிளாப்பி, தலையணை தடிமனில் ஒரு புத்தகம். "மேடம், இது போன் லைன்ல தகவல் அனுப்பற லைப்ரரிங்க. வெளிநாட்டுக்காரங்க எழுதி, சோதிச்சு, விக்கறாங்க. நம்ம நிரலு இத கூப்புட்டா போதும், அனுப்பற வாங்கற வேல பூராம் இது பாத்துக்கும். உங்களுக்கும் சொம கொறையுமில்லீங்களா?" என்றார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்முளுது நல்லாத்தானுங்களே சார் ஓடுது? இதுக்குள்ள என்ன எழுதியிருக்கறாங்கன்னே நமக்குக் காட்டமாட்டாங்களாமா. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாதத எப்படிங்க நம்பறது?" என்றேன். கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் நான் அதை நியாயத்துக்காகக் கேட்கவில்லை. என் கையால் எழுதியதை இன்னொருத்தன் எழுதியதை வைத்து மாற்றுவதா என்ற ரோசத்தில் கேட்டேன். சிவசாமி சார், "சும்மா படிச்சாவது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் படிக்கவில்லை. என் திரை கொஞ்சம் தாழ்வாக இருந்தது. அந்தப் பெட்டியை அதற்கு அடியில் வைத்தேன். சரியான உயரம்.

வீட்டில் வந்து அப்பாவிடம் புலம்பினேன். லைப்ரரி என்றதும், "புஸ்தகம் படிக்கச் சொன்னதுக்கா இத்தன கோவம்?" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு, பம்பு கம்பெனி ஃபோர்மேன் அல்லவா, அவர் தன் வழிக்கு வந்துவிட்டார். "நாங்க பம்பு செய்யறோம். பேரிங்கையும் நாங்களேவா செய்யறோம்? வாங்கித்தான் போடறோம்."

"அது போல்ட்டு நட்டு சமாச்சாரமுங்க" என்றேன்.

"அட கேளு. பேரிங் வாங்குனதுதான். ஆனா பம்பு நின்னுபோச்சுன்னா தோட்டத்துக்காரன் பேரிங் கம்பெனிக்கா போறான்? பம்பு மேல எங்க பேரு இருக்குது, எங்ககிட்டத்தான் வாரான். அதனால வாங்குன பேரிங்கையும் நாங்க சுத்திப் பாத்துத்தான் உள்ள உடறோம்." அன்றைக்கு அதை நான் காதில் வாங்கவில்லை. குழம்பைத் தாளிக்கப் போய்விட்டேன்.

இப்போது தப்புக்கு வருகிறேன். ஒரு நாள் சாயங்காலம் பல்லடத்திலிருந்து வந்த பட்டியலில் ஒரே ஆர்டர் இரண்டு தடவை நின்றது. யோசித்ததும் காரணம் புரிந்தது. பல்லடம் அனுப்பிய வரி இங்கே வந்து பதிவாகிவிட்டது. இங்கிருந்து போன "வந்தது" என்ற பதில், லைன் அறுந்து, அங்கே போய்ச் சேரவில்லை. பல்லடத்து மோடம் பதில் வரவில்லையே என்று விசுவாசமாக அதே வரியை மறுபடி அனுப்பியிருக்கிறது. என் நிரலுக்கு இது முன்னால் வந்ததா, புதிதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. இரண்டாவது வரியைக் கையால் அழித்தேன். சிவசாமி சாரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியை வெளியே எடுக்கச் சொல்வார். அதனால் சொல்லவில்லை. சாவகாசமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று வைத்தேன். உன் பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை வந்தது, வேறு வேலைகள் வந்தன, அந்த சாவகாசம் மட்டும் வரவேயில்லை.

பங்குனி மாதம் ஒரு காலை. நான் அலுவலகத்தில் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் சென்னியப்பன். "ஏனுங்க அம்மணி, நான் மூவாயிரம் குஞ்சுதானுங்க கேட்டேன். விடியக்காலம் ஒரு வேன்ல மூவாயிரம் வந்துதுங்க. நான் தோட்டத்துக்குப் போயிட்டு வாரதுக்குள்ள இன்னொரு வேன்ல மூவாயிரம் எறக்கியிருக்குதுங்க. உங்க கம்ப்யூட்டரும் முட்ட மேல உக்காந்து தனியா பொரிச்சுபோட்டுதுங்களா?" என்று கேட்டார். அவர் சிரிக்கத்தான் செய்தார். ரிசீவரை வைத்தேன், மறுபடி அடித்தது. பல்லடத்துப் பண்ணைக்காரர் ஒருவர். "அஞ்சு மணியிலிருந்து கொட்டாயில பல்பு எரிஞ்சுட்டு இருக்குதுங்க. குஞ்சுங்களத்தான் காணோமுங்க." எண்ணி வைத்த குஞ்சுகளில் ஒருவருக்கு இரட்டிப்பாகப் போனால் இன்னொருவருக்கு ஒன்றும் இல்லாமல் போகத்தானே செய்யும்?

விஷயம் முதலாளிக்குப் போயிற்று. அவர் இரண்டாவது வேனை ஓட்டிய பழனிச்சாமியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் திட்டினார். "பல்லடத்துல எறக்க வேண்டியதக் கொண்டுபோயிக் காங்கேயத்துல எறக்கியிருக்கற. தூக்கத்துலயா வண்டி ஓட்டுற? போயி அதுகள எடுத்துப் பல்லடத்துல சேத்துப்போட்டு வா. நாளைக்கிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

பழனிச்சாமி, "சீட்டுல இருந்த பேரப் பாத்துத்தானுங்க எறக்குனேன்" என்றார். ஆர்டர் பட்டியலிலிருந்து என் கம்ப்யூட்டர் அச்சடித்து வேனோடு அனுப்புகிற சீட்டு அது. எங்கே என்றார் முதலாளி. இறக்கிய இடத்திலேயே கொடுத்துவிட்டு வந்தாயிற்று. நான் நான்கடி தள்ளி நின்றேன். என் வாய் திறக்கவில்லை, கண்ணு. அதைவிட மோசம், "குஞ்சு எண்ணி வாங்க ஒரு ஆள் வேணுமுங்க, நான் போறேன்" என்று முதலாளியிடம் சொன்னேன். எண்ணுவதற்காக இல்லை. அந்த இரண்டு சீட்டிலும் சென்னியப்பன் பெயர்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் இரண்டாவது சீட்டை எடுத்துவிட வேண்டும் என்று போனேன்.

காங்கேயம் போய்ச் சேர இரண்டு மணி நேரம். பழனிச்சாமி என் மேல் வெயில் படாமல் இருக்க ஜன்னலில் ஒரு துண்டைக் கட்டிவிட்டார். பாதி தூரம் போனோம். அப்புறம் அவராகவே, "எம்மேலதான் தப்பு இருக்கும் போலங்க அம்மணி. நாலு மணிக்கு எந்திரிச்சு வாரது. தூக்கக் கலக்கத்துல பேர மாத்திப் படிச்சிருப்பனோ என்னமோ" என்றார். தப்பே செய்யாத மனுஷன், தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

சென்னியப்பனின் வீட்டு வாசலில் இறங்கியபோதே கீச்சுச் சத்தம் தெருவரை கேட்டது. அவர் மனைவி பாவாத்தாள் கதவைத் திறந்து, "வாங்க அம்மணி, பாத்துக் கால வையுங்க" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வீட்டுக் கூடமான ஆசாரம் முழுக்க மஞ்சளாக இருந்தது. பெட்டிக்குள் விட்டால் வெக்கைக்குத் தாங்காது என்று அந்த அம்மா மூவாயிரம் குஞ்சுகளையும் அங்கே திறந்து விட்டிருந்தார். பழைய செய்தித்தாள் விரித்து, வீட்டிலிருந்த அத்தனை தட்டிலும் வெல்லத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். சுவரோரம் சென்னியப்பன் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காலையிலிருந்து நான் கீழ எறங்கவே இல்லீங்க. சோறுகூட இங்கதானுங்க வருது" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அழுகையும் கூடவே வரப்பார்த்தது.

பாவாத்தாள் காலண்டர் ஆணியில் குத்தியிருந்த இரண்டு சீட்டையும் எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எண்ணிக்கை. ஒன்றை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. பிறகு நானும் பழனிச்சாமியும் குஞ்சுகளைப் பெட்டிகளில் எடுத்து வைக்க ஆரம்பித்தோம். ஒரு மூலையில் நாற்பத்தியொரு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. நாங்கள் வந்து சேர்வதற்குள் வெக்கை தாங்காமல் போனவை. பழனிச்சாமி ஒவ்வொன்றாக எடுத்து ஒரு துணியில் வைத்தார். வைக்கும்போது, "மன்னிச்சுக்கோ சாமி" என்றார். என்னிடம் இல்லை, குஞ்சிடம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கைப்பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "பழனிச்சாமி, உங்க மேல தப்பில்லீங்க. சீட்டே தப்பா வந்திருக்குது. என்னோட நிரல் ஒரே ஆர்டர ரெண்டு தடவ எழுதிப்போட்டுது. எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. மறைச்சுபோட்டேன்" என்றேன். சென்னியப்பனிடம் கேட்டு அவர் வீட்டுப் போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டு இதையே மறுபடியும் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பழனிச்சாமிகிட்ட போனக் குடுங்க" என்றார். என்ன சொன்னாரோ தெரியாது, பழனிச்சாமி, "பரவால்லீங்க... சரீங்க... சரீங்க" என்று நான்கைந்து தடவை சொல்லிவிட்டு வைத்தார். என் பக்கம் திரும்பி, "அட, உடுங்க அம்மணி. எங்கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்றார். பாவாத்தாள் எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டுவிட்டார். வெயில் தாழ்ந்ததும் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பல்லடத்தில் கொண்டுபோய் இறக்கினோம். அந்தப் பண்ணைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, "ஊர்வலம் போயிட்டு வந்தாப்பல இருக்குதுங்க" என்றார்.

மறுநாள் பழனிச்சாமி எப்போதும்போல வேலைக்கு வந்தார். சிவசாமி சார் என்னைத் திட்டவில்லை. என் திரையைத் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்த பெட்டியை உருவி, புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். நான்கு நாள் எடுத்துக்கொண்டு வரி விடாமல் படித்தேன். ஏழாவது அத்தியாயத்தில் இருந்தது. அனுப்புகிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண் போட வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் வாங்குகிறவர் பதில் மட்டும் சொல்லிவிட்டு அந்த வரியைத் தூக்கிப் போட வேண்டும். இவ்வளவுதான் மருந்து. இன்னும் லைன் இரைச்சல், பாதியில் அறுந்துபோகும் வரி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது என்று எனக்குத் தோன்றவே தோன்றாத இருபது விஷயங்களுக்கு அதில் விடை இருந்தது. எங்கோ ஒருவர், எதையோ இரண்டு தடவை அனுப்பி, என்னைப்போலவே தலைகுனிந்து நின்ற பிறகுதான் அந்த அத்தியாயத்தை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த முகம் தெரியாத ஆளிடம் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. என் நிரலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு அந்த லைப்ரரியைப் போட்டேன். வரிசை எண்ணை நானே சேர்த்து என்னுடையதையே ஓட்டியிருக்கலாம்தான். ஆனால் மீதி இருபதையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க இன்னும் எத்தனை குஞ்சுகளை அலைய விடுவது?

இதோடு நிறுத்தினால் நீ, "அப்போ வாங்கறதுதான் சரிங்கறயா அம்மா" என்பாய். அவசரப்படாதே. இரண்டு வருடம் அது தங்கமாக ஓடியது. அப்புறம் பல்லடத்தில் புது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது. லைன் கிடைக்காதபோது மோடம் சொல்லும் பதில் ஒன்று அந்த லைப்ரரிக்குப் புரியவில்லை. அப்படியே சிலையாக நின்றுவிட்டது. விற்றவர்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினோம். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதுவரைக்கும் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயா இருக்கும்? பண்ணைக்காரர்கள் எனக்குத்தான் போன் போட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற அந்தப் புண்ணியவானுக்கு யாரும் போடவில்லை. அப்பா சொன்ன பேரிங் கதை அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஒன்பது நாள் பழையபடி போனில் கத்தி ஆர்டர் வாங்கினேன். நடுவில் உட்கார்ந்து, போன் போடுகிற வேலையை மட்டும் லைப்ரரியிடமிருந்து பிடுங்கி என் கையால் எழுதினேன். மோடத்தின் நாடி எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்ததால் முடிந்தது. உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷமும் இருந்தது. சிவசாமி சார் கண்டுபிடித்துவிட்டார். "லைப்ரரி படுத்துக்கிச்சுன்னு சந்தோஷமா இருக்குதுங்களா மேடம்?" என்றார். "கொஞ்சமுங்க சார்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆகவே, நீ எழுதியதை வைத்துக்கொள் என்றோ, தூக்கிப் போடு என்றோ நான் சொல்லப்போவதில்லை. லாரிக்காரர்கள் எனக்குப் பழக்கமில்லை, கோழிக்காரர்களைத்தான் தெரியும். அந்த லைப்ரரியின் புத்தகத்தை முதலில் முழுசாகப் படி, அதில் உனக்குத் தோன்றாதவை எத்தனை இருக்கின்றன என்று எழுது. அந்தப் பட்டியலையும், உன் நிரலில் உனக்கு மட்டும் தெரிந்த ஓட்டைகளையும் உன் மேலதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போ. ஓட்டைகளே இல்லை என்று என்னிடம் சொல்லாதே, நான் உன் அம்மா. எதைப் போட்டாலும் ஒரு லாரி வழி தவறிப் போகிற காலையில் போன் உனக்குத்தான் வரும். எடுத்துப் பதில் சொல்லத் தெரிந்த ஆளாக அங்கே இரு. ராஜினாமாக் கடிதம் எழுத ஒரு நிமிஷம் போதும், அதற்கு எந்தத் திங்கட்கிழமையும் ஆகும்.

இன்னொரு சேதி. இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தியதில் எங்கள் முதலாளியும் எல்லாவற்றையும் புதிதாக மாற்றச் சொல்லிவிட்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்தான் அந்த வேலையைச் செய்தாள். போன மாதம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அக்கா, பழைய நிரல எடுத்துபோடட்டுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எடும்மா" என்றேன். அந்த லைப்ரரியும் போயிற்று, நான் சண்டை போட்டு எழுதியதும் போயிற்று. என் கைப்பட்ட ஒரு வரிகூட இப்போது எங்கும் ஓடவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. மறுநாள் காலையில் நானும் அப்பாவும் சாவகாசமாக நடந்துபோய் ஓட்டலில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். அதே நேரத்தில் காங்கேயத்திலும் பல்லடத்திலும் குஞ்சுகள் அவரவர் கொட்டகையில் ஒரே ஒரு தடவை இறங்கிக்கொண்டிருந்தன.

நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன்
அம்மா